மிதந்தா பந்தல், முங்கினா பை

சனோபர் அக்காவோடு எங்கள் ஊர் தெனாவ் சந்தைக்குப் போவதைவிடத் தர்மசங்கடம் வேறு இல்லை. தக்காளி வாங்குவாள். கடைக்காரன் பையில் போட்டு நீட்டியதும் தக்காளியைப் பார்க்க மாட்டாள். பையின் ஓரத்தைக் காதருகே வைத்துக் கசக்குவாள். சலசலவென்று கேட்டால், "இவன் நெட்டையன்" என்பாள். சத்தமில்லாமல் குழைந்தால், "இவன் கிளைக்காரன்" என்பாள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள், ஏதோ நான்தான் அவளை வைத்தியரிடம் காட்டாமல் விட்டுவிட்ட மாதிரி.

"ஏங்க்கா, பழத்த விட்டுட்டுப் பையப் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கடைக்காரன் கேட்டுவிட்டான்.

"பழம் உன்னோடது. பை என்னோடது. எம் பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

பொய்யில்லை. தெனாவில் அன்றைக்குப் புழங்கிய பைகளில் பாதி எங்கள் துர்தி முதலாளியின் பட்டறையில் ஊதியவைதான். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மெஷின், ஒரு தகரக் கூரை, ஒரு தேநீர்க் கெட்டில். மேலே பாலித்தீன் குருணையைக் கொட்டினால் அது உள்ளே உருகி, வட்டமான வாய் வழியாகக் குழாய்போல வெளியே வரும். நடுவில் காற்றை விட்டால் உப்பிக் குமிழாகி உத்தரம்வரை ஏறும். அங்கே இரண்டு உருளைகள் அதை நசுக்கித் தட்டையாக்கிக் கீழே அனுப்பும். குமிழை ஊதுவது சனோபர். கீழே வருவதை வெட்டிச் சுருட்டுவது நான். என் பெயர் போரி. எங்கள் பேச்சில் ஓநாய் என்று அர்த்தம். பிறக்கும்போதே எனக்கு ஒரு பல் இருந்ததாம். அதற்குப் பிறகு முளைத்ததில் எதுவும் இப்போது உருப்படியாக இல்லை.

சனோபர் பிறந்தது பருத்திப் பண்ணையில். பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்ததால் ஒரு வாத்தியார் பிடித்து வைத்து, தாஷ்கண்ட் பக்கம் வேதித் தொழில் படிக்க அனுப்பிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் குசாரில் எரிவாயு ஆலை வந்தபோது அங்கே சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாயுவிலிருந்து பாலித்தீன் செய்வார்கள்; ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கையளவு குருணை எடுத்து அதன் கனம், இளகும் சூடு, இழுத்தால் எவ்வளவு நீளும் என்று அளந்து எழுதுவது அவள் வேலை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் நிற்கும் போட்டோ ஒன்று உண்டு. அதில் இருக்கும் மிடுக்கு இன்னும் அவளிடம் இருக்கிறது, கோட்டுதான் இல்லை.

அவள் புருஷன் எஷ்முரத் லாரி ஓட்டினான். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள், குடிக்காத நேரத்தில். குடிக்காத நேரம் வரவரக் குறைந்தது. ஒரு ஜனவரி மாதம் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவள் மகள் இரோதாவையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு தெனாவுக்குத் திரும்பி வந்தாள். துர்தி முதலாளி அவளை வேலைக்குச் சேர்த்தது பட்டறையைக் கூட்டிப் பெருக்க. இரண்டாவது வாரம் மெஷினின் சூட்டை அவளே திருகி மாற்றினாள். மூன்றாவது வாரம் முதலாளி துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். அந்தக் கோபம் எனக்கு ஒரு வருஷம் இருந்தது. பிறகு அவள் சொல்வது எதுவும் தப்பாகப் போவதில்லை என்று தெரிந்ததும், கோபப்படுவது வீண் வேலை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் எலுமிச்சைக்குப் பேர் போனது. ஆளுயரப் பள்ளம் தோண்டி அதற்குள் மரத்தை வைத்து, குளிர் வந்தால் மேலே சட்டம் கட்டி பாலித்தீன் ஷீட்டை இழுத்துப் போர்த்துவோம். அதைப் பந்தல் என்போம். ஒரு நவம்பர் மாதம் பீபிசாரா என்ற எலுமிச்சைக்காரி பட்டறைக்குள் சண்டைக்கோழியாக வந்தாள். கையில் வேறு எங்கோ வாங்கிய கிழிந்த ஷீட்.

"ரெண்டும் பாலித்தீன்தானே? அப்புறம் ஒண்ணு மூணு குளிர் தாங்குது, ஒண்ணு மூணு நாள் தாங்கல. ஏன்? யாராவது எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க பாப்போம்."

சனோபர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "லாரில பாப்லர் கட்டை ஏத்துறதப் பாத்திருக்கீங்களா? நேரா, மொழுமொழுன்னு இருக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கும். கனம் கூட, வெறைப்பும் கூட. அதே லாரில பருத்திமார் ஏத்துங்க. மலை மாதிரி தெரியும், கனமே இருக்காது."

"கிளை இருக்குல்ல. முட்டிக்கிட்டு நிக்கும்."

"அவ்வளவுதான் விஷயம். பாலித்தீனுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சங்கிலி கோடி கோடியா கெடக்கு. சிலது பாப்லர் மாதிரி நெட்டையன், சிலது பருத்திமார் மாதிரி கிளைக்காரன். பாப்லர் சங்கிலி நெருங்கிப் படுத்தா ஷீட்டு வெறைப்பா இருக்கும், பால் மாதிரி மங்கும், கசக்கினா கத்தும். ஒரு கீறல் விழுந்தா கட்டையப் பொளந்த மாதிரி நேரா ஓடிரும். நீங்க வச்சிருக்கிறது அதான். பருத்திமார் சங்கிலி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக் கெடக்கும். கட்டுலேருந்து ஒரு குச்சிய உருவிப் பாத்திருக்கீங்களா?"

"கட்டே கூட வரும்."

"அதான் பந்தலுக்கு வேணும். இழுத்தா நீளும், சட்டுனு அறாது. வெளிச்சமும் உள்ள வரும்."

பீபிசாரா விடவில்லை. "அது ஏன் ஒண்ணு நேரா வளருது, ஒண்ணு கிளை விடுது?"

"செய்யிற விதம். நம்மள சுத்தி இருக்கிற காத்தவிட ஆயிரம் மடங்குக்கு மேல அழுத்தம் குடுத்துச் செஞ்சா சங்கிலிக்கு நிதானம் இருக்காது. தன் வாலயே கடிச்சுக்கும், கண்ட எடத்துல கிளை விடும். கொஞ்சமா அழுத்தம் குடுத்து, கூட ஒரு மருந்தப் போட்டு, பொறுமையா வளத்தா நேரா வளரும்."

"அழுத்தம் கூடினா கோணிக்கும்னு சொல்றீங்க. எம் புருஷன் மாதிரி" என்றாள் பீபிசாரா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கெட்டில் மூடி ஆடியது. அடுத்த வசந்தத்தில் அதே பீபிசாரா தன் மகனுக்கு இரோதாவைக் கேட்டு வந்தாள். சனோபர் தன் பங்குக்கு இருபத்திரண்டு பஞ்சு மெத்தைகள் தைத்துச் சீராக அனுப்பினாள். அத்தனையும் பட்டுத்துணி போட்டவை. மாப்பிள்ளை கல்யாணமான இரண்டாம் மாதமே மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இரோதா மாமியாரோடு எலுமிச்சை பார்த்துக்கொண்டாள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் பக்கத்தில் ரஷ்யக் கணக்குப்படி அழுத்தத்தை வைத்துத்தான் பெயர். மேலழுத்தத்தில் செய்தது மெத்தென்று இருக்கும், சுருக்கமாக 'மேல்'. கீழழுத்தத்தில் செய்தது விறைப்பு, அது 'கீழ்'. பந்தலுக்கு மேல், பைக்குக் கீழ். துர்தி முதலாளிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது மட்டும் தெரியும். இது மட்டும்தான் தெரியும்.

மூட்டைக்காரர்கள் எழுதுவதை சனோபர் நம்ப மாட்டாள். ஒவ்வொரு லோடிலும் ஒரு குருணை எடுத்து, விரலால் ஈரமாக்கி, வோட்காவில் போடுவாள். ஆம், வோட்கா. தண்ணீரில் இரண்டு வகையும் மிதக்கும். நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயம் உள்ள வோட்காவின் கனமோ சரியாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிளைக்காரன் லேசு, மிதப்பான். நெட்டையன் கனம், மெதுவாக முங்குவான். மெஷின் பக்கத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டுத்தான் போடுவாள். குளிர்ந்த வோட்கா கனத்துவிடுமாம். பிறகு துர்தி முதலாளியைப் பார்த்து, "மிதந்தா பந்தல், முங்கினா பை" என்பாள். அதுதான் எங்கள் பட்டறையின் சட்டம்.

ஆனால் ஒரு குடிகாரனின் விதவை கடைக்குப் போய் வோட்கா வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் வாங்குவது நான். பாட்டிலைப் பூட்டி வைப்பதும் நான். "உங்கிட்டயே இருக்கட்டும் போரி, எனக்கு அந்த வாடையே ஆகாது" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஒளித்ததாக ஆகும். இரோதா கல்யாணம் நடந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் என் முழங்கால் வலி தாங்க முடியவில்லை. ஒரு நாள் ஒரு மூடி குடித்தேன். மறுநாளும் ஒரு மூடி. பாட்டிலில் குறைவது கண்ணுக்குத் தெரிந்ததும் அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். என்ன, ஒரு குருணையை நனைக்கத்தானே, யாரும் குடிக்கப் போவதில்லையே என்று நினைத்தேன். முழங்கால் வலியாவது போனதா என்றால் அதுவும் இல்லை.

நவம்பர் கடைசியில் முதலாளி புது வியாபாரியிடமிருந்து ஒரு லோடு கொண்டுவந்தார். மூட்டையில் ரஷ்ய எழுத்தே இல்லை. லத்தீன் எழுத்தில் பெரிதாக 'ஹை' என்று இருந்தது. "மேல்னு போட்டிருக்கான்" என்று அவருக்கு வாயெல்லாம் பல். வெளிநாட்டுக்காரர்கள் அழுத்தத்தை வைத்துப் பெயர் எழுதுவதில்லை, கனத்தை வைத்து எழுதுகிறார்கள். அவர்களுடைய 'மேல்' நம்முடைய 'கீழ்' என்பது எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. சனோபர் வேலை பார்த்த ஆலையிலும் அழுத்தக் கணக்குப் பெயர்தான் வாயில் புழங்கியது.

அவள் வழக்கம்போலக் குருணையை எடுத்தாள். கிண்ணத்தில் போட்டாள். அது மிதந்தது.

"மிதந்தா பந்தல்" என்றாள். அக்காள் மகள் கல்யாணத்துக்கு அன்று மதியமே கர்ஷிக்கு பஸ் ஏற வேண்டும், ஏறிப் போய்விட்டாள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உறைத்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த மூன்று நாள் மெஷின் எங்களைப் படுத்தியது. உருகவே மாட்டேன் என்றது. சூட்டைக் கூட்டினோம். குமிழ் ஏறும்போது குடித்தவன் நடை நடந்தது. ஷீட் பால்போல மங்கலாக வந்தது, சுருட்டினால் சோளத்தட்டை மாதிரிச் சத்தம் போட்டது.

"போரி, இது என்னடா கத்துது?" என்றார் முதலாளி.

"மிதந்துச்சு முதலாளி. நம்ம ரெண்டு பேரும் பாத்தோம்ல?"

"பாத்தோம். அக்காவே சொல்லியாச்சு. அப்ப சரியாத்தான் இருக்கும்."

காது கேட்கிறது, கண் பார்க்கிறது, கை உணர்கிறது. ஆனால் அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். முதல் சுருள் பீபிசாராவுக்குப் போனது. சம்பந்தி வீடாயிற்றே, முன்னுரிமை.

நான்காம் நாள் நடுப்பகல் சனோபர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கல்யாண வீட்டு இனிப்பை மகளுக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நேரே எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். நான் அங்கேதான் கடைசிச் சுருளை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். காற்று அடித்தது, பந்தல் முழுக்கச் சலசலத்தது. அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இனிப்புப் பொட்டலத்தை இரோதா கையில் கொடுத்துவிட்டு, மடிப்பு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஷீட் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேராகக் கிழிந்தது.

பீபிசாரா வீட்டுக்குள்ளிருந்து வருவதற்கும் இதற்கும் சரியாக இருந்தது.

"என்ன சம்பந்தி இது! நல்லா இருக்கிற பந்தலக் கிழிச்சுட்டு நிக்கிறீங்க!"

"நல்லா இல்ல சம்பந்தி. இது நெட்டையன். பனி விழுந்தா ஒரு நாள் தாங்காது. எல்லாத்தையும் எடுத்துருங்க."

"எடுத்துட்டு? ரேடியோல என்ன சொன்னான், கேட்டீங்களா? நாளைக்கு சாயங்காலத்துலேருந்து பூஜ்யத்துக்குக் கீழ ஒம்பது. முப்பத்தி ரெண்டு மரம்! வெத்து வானத்தையா போத்தி விடுறது?"

"ரெண்டு நாள் குடுங்க. வேற ஊதிக் கொண்டாறேன்."

"நீங்கதானே மிதக்குதுன்னு சொன்னீங்களாம்? சோதிச்சுத்தான் ஊதினதா போரி சொன்னான். என்னத்த சோதிச்சீங்க?"

சனோபர் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் சந்தேகமே இல்லை, குழப்பம்தான்.  அவள் பட்டறைக்குப் போய் முதலில் எடுக்கப் போவது அந்தப் பாட்டிலைத்தான் என்று எனக்குத் தெரியும். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இறங்கியதும் ஓடி, அலமாரியைத் திறந்து, எடுத்துத் தருகிற சாக்கில் பாட்டிலைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். கை நழுவியது என்றேன். இதைவிடக் கேவலமான காரியத்தை நான் அதற்கு முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை.

அவள் குனிந்து ஒரு கண்ணாடிச் சில்லைக் கையில் எடுத்தாள்.

"நான்தான் போரி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அன்னைக்கு வெதுவெதுப்பாக்காமப் போட்டிருப்பேன். குளுந்த வோட்கால நெட்டையனும் மிதப்பான். எனக்கு வயசாயிருச்சு."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா."

"வேற எப்படி? சங்கிலி பொய் சொல்லாதுல்ல."

நான் துடைப்பத்தை எடுத்து மீதிச் சில்லுகளைப் பெருக்கினேன். பழைய மூட்டைகளில் மெத்தென்ற குருணை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது போதாமல், குசார் ஆலையிலிருந்து வரும் இன்னொரு வகையை நாலுக்கு ஒன்று கலந்தாள். அதில் சங்கிலி நேர்தான், ஆனால் வேண்டுமென்றே குட்டைக் கிளைகளை மட்டும் நட்டு வளர்த்திருப்பார்கள். மெல்லிசாக ஊதினாலும் தாங்கும். இரண்டு நாள் பகலெல்லாம் ஊதினாள். ஒவ்வொரு பத்தடிக்கும் ஷீட்டைக் கசக்கிக் காதில் வைத்தாள். முன்னெல்லாம் ஒரு தடவை கேட்பவள் இப்போது மூன்று தடவை கேட்டாள். தன் காதையே அவள் நம்பவில்லை என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில், "இந்தக் குளிர் முடிஞ்சதும் நான் நின்னுக்கறேன் முதலாளி" என்று வேறு சொன்னாள். துர்தி முதலாளி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குத் துக்கம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

மூன்றாம் நாள் காலையில் ஷீட்டை ஏற்றிக்கொண்டு நானும் அவளும் போனோம். தோட்டத்தில் நான் கண்ட காட்சியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பள்ளம் முழுக்கப் பட்டு. சிவப்பு, மஞ்சள், மயில் பச்சை. இரோதா தன் சீர் மெத்தைகள் இருபத்திரண்டையும் விரித்து மரங்களுக்குப் போர்த்தியிருந்தாள். மேலே உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மீதிப் பத்து மரத்துக்கு வீட்டுக் கம்பளம், பீபிசாராவின் கோட்டு, மாப்பிள்ளையின் பழைய போர்வை எல்லாம் கிடந்தன. ஓரத்தில் நாலு மரம் மட்டும் கருகியிருந்தது. இரோதாவின் விரல்கள் குளிரில் வெடித்திருந்தன.

அக்கம்பக்கத்து எலுமிச்சைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்தால் பீபிசாராவுக்கு நாக்கு இரண்டு முழம் நீளும்.

"வாங்க சம்பந்தி. நீங்க தச்சுக் குடுத்தது எம் மருமக படுத்துக்கறதுக்குன்னு நெனச்சேன். எலுமிச்சைக்குச் சீர் பண்ணியிருக்கீங்கன்னு இப்பத்தானே தெரியுது."

"என் தப்புதான் சம்பந்தி. மன்னிச்சிருங்க" என்றாள் சனோபர்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். பட்டறைல வோட்கா பாட்டில் இருக்குதாமே? ஊரே பேசுது. குருணைய முக்குறதுக்காம்! நல்ல கதை. புருஷன் மிச்சம் வச்சதப் பொண்டாட்டி முடிச்சு வைக்கிறா போலிருக்கு."

இரோதா ஈர மெத்தையைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான்.  சனோபர் ஷீட் சுருளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு வருஷம் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவள் அவள்.

"நான்தான் குடிச்சேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். "அக்கா தொடல. சாவி என்கிட்ட. நான் குடிச்சுட்டுத் தண்ணி ஊத்தி வச்சேன். பாட்டிலையும் நான்தான் வேணும்னு ஒடச்சேன்."

செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். சனோபர் இரண்டு எட்டு எடுத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு?"

"தெனம் ஒரு மூடிதான்க்கா, முழங்காலு…"

"கதை கேக்கல. எவ்வளவு தண்ணி? பாட்டில்ல எதுலேருந்து எதுவரைக்கும்?"

"கழுத்துலேருந்து… லேபிள் தொடங்குற எடம் வரைக்கும். அப்புறம் இன்னும் ரெண்டு விரக்கடை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. "கால் பங்கு. கால் பங்கு தண்ணின்னா நாப்பது முப்பதா எறங்கிருக்கும். முப்பதுல…" கண்ணைத் திறந்தாள். "முப்பதுல நெட்டையன் முங்க மாட்டான்! வெதுவெதுப்பாக்கினாலும் முங்க மாட்டான்! சம்பந்தி, கேட்டீங்களா? நான் சரியாத்தான் பண்ணேன். வெதுவெதுப்பாக்கித்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல!"

சிரித்தாள், அழுதாள், அந்தக் கெட்ட லோடு ஓடியபோது மெஷினிலிருந்து வந்த குமிழ் மாதிரி இரண்டு பக்கமும் ஆடினாள். இரோதா மெத்தையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

பீபிசாரா இடுப்பில் கை வைத்தபடி இதையெல்லாம் பார்த்தாள். "அடி உதைக்கிறத விட்டுட்டுக் கணக்குப் போடுறா பாரு, இவளப் போய் நான் குடிகாரின்னு சொல்லிட்டேனே. என் வாயில மண்ணப் போட." அடுத்த நொடி என் பக்கம் திரும்பினாள். உறைந்துபோய் மரப்பலகையாக இருந்த ஒரு மெத்தையைத் தூக்கி என் நெஞ்சில் எறிந்தாள். "இருபத்தி ரெண்டு. எண்ணிக்கோ. பஞ்சு பிரிச்சு, துணி தொவச்சு, காயவச்சு, திரும்பத் தச்சுக் கொண்டாந்து குடுக்கணும். ஒரு தையல் கோணலா இருந்துச்சு, இருக்கிற பல்லும் இருக்காது."

பந்தலைக் கட்டி முடிக்க மதியம் ஆனது. புது ஷீட் காற்றில் சத்தமில்லாமல் உப்பியது, இறங்கியது. பீபிசாரா பட்டினி போட்டு அனுப்பவில்லை. எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள், இறைச்சியை மட்டும் எண்ணி வைத்தாள். பின்னால் இருபத்திரண்டு ஈர மெத்தைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் திரும்பினோம்.  வழியில் அவள் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"இந்த வோட்கா சோதனைய நான் எங்க கத்துக்கிட்டேன்னு நெனக்கிற?" என்று திடீரென்று கேட்டாள்.

"குசார்ல. சோதனைக்கூடத்துல."

"அங்க கண்ணாடிக் குழாயும் மெஷினும் இருந்துச்சு. வோட்கா எதுக்கு? வீட்டுல கத்துக்கிட்டேன். அவர் குடிக்கலைன்னு சத்தியம் பண்ணுவார். பாட்டில் நெறஞ்சுதான் இருக்கும், ஒன்ன மாதிரியே தண்ணி ஊத்தி வைப்பார். நான் ஆலைலேருந்து ஒரு நெட்டையன் குருணைய கோட்டுப் பையில போட்டுக் கொண்டாந்தேன். தெனம் காலைல பாட்டில்ல போடுவேன். முங்கினா அவர் சொன்னது நெசம். மிதந்தா பொய்." கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "முங்கின காலையும் இருந்துச்சு. ஒரு தடவ பதினோரு நாள் தொடர்ந்து முங்குச்சு."

வாய்க்கால் பாலம் வந்தது, போனது.

"அப்புறம் ஏன்க்கா? ஒரு நெட்டையன எடுத்து நம்ம பாட்டில்ல போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. ஒரு நிமிஷ வேலை. ஏன் பாக்கல?"

"அவர நம்பல, அதனால சோதிச்சேன்" என்றாள். "ஒன்ன நம்பினேன்டா."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நாற்பத்திநாலு வயசு ஆம்பளை அப்படி அழுததை அந்தச் சாலையில் போன கழுதை வண்டிக்காரன்கூட நின்று பார்த்தான். அவள் அழாதே என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருக்க விட்டாள். பிறகு தோளில் தட்டி, "போதும், மூக்கத் தொடச்சுட்டு வண்டிய எடு. மெஷின் ஆறிப் போயிரும்" என்றாள்.